மலையா, பெட்டியா?

பனிச்சமலைத் தோட்டம், மேற்பிரிவு
21 ஒக்டோபர்

லதுஷா மிஸ்ஸுக்கு,

நீங்கள் போனில் கூப்பிட்டபோதெல்லாம் வேண்டுமென்றுதான் எடுக்காமல் இருந்தேன். எடுத்தால் வாயில் வந்ததைக் கொட்டிவிடுவேன். எழுதினால் பாதிக் கோபமாவது பேனையோடு போகும் என்று நினைத்து உட்கார்ந்தேன். இதுவரைக்கும் போகவில்லை.

பூசை முடிந்த கையோடு நீங்கள் என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? மலைச்சரிவு வருமா என்று பார்க்க, நான் பிள்ளைகளை வைத்திருக்கும் பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் குழாய் இறக்கிப் புதைத்தீர்களே அந்தச் சாய்வுமானி, அதன் பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போகிறது என்று நான் போனில் சொன்னேன். "அக்கா, மலை சாயுது. ஆக்களை உடனே இறக்குங்கோ" என்றீர்கள். நான் லயம் லயமாக ஓடி வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினேன். சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சனம் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. கைக்குழந்தைகளை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மலை அசையவில்லை. ஒரு கல்கூட உருளவில்லை. வேலைக்குப் போகாததால் யாருக்கும் அன்றைய கூலிக்கான பேர் விழவில்லை. தீபாவளி வரும் மாதத்தில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இப்போது காலையில் பிள்ளையை என் கையில் தரும்போது கலாராணி கேட்கிறாள். "என்னக்கா, மல இன்னைக்கு விழுதா, நாளைக்கா? தெரிஞ்சா துணி தொவைக்காம இருப்பேன்ல." தலைவர் அழகர், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "இனி அந்தப் பொட்டி பேச்சக் கேட்டு ஒருத்தரும் எறங்க வேணாம்." சங்கத் தலைவர் சொன்னால் சொன்னதுதான்.

கேலியை நான் பொறுத்துக்கொள்வேன். என் பயம் வேறு. கார்த்திகை மழை வரப்போகிறது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபிறகு அந்தச் சரிவுக்குக் கீழே குழந்தைகளோடு இருப்பது நான். மலை நிஜமாகவே சாய்ந்தால் நான் கூப்பிட்டு யார் வருவார்கள்? நானே முதலில் நம்புவேனா?

பெட்டிக்குள் எண்ணெல்லாம் பதிவாகும் கார்டைப் பெரகலயில் மர்ஸூக் நானாவின் கடையில் கொடுத்து, பதுளை பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மலை பொய் சொன்னதா, பெட்டி பொய் சொன்னதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜீவராணி


பதுளை
24 ஒக்டோபர்

அன்புள்ள ஜீவராணி அக்கா,

கார்ட் கிடைத்தது, பெட்டியில் போட வேறொன்று இதோடு வருகிறது. உங்கள் கோபமும் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். முதல் தாளில் நான் செய்தது சரி என்று வாதாடியிருந்தேன். இரண்டாவதில் அழுதிருந்தேன். இரண்டும் உங்களுக்குப் பயன்படாது.

உங்கள் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. ஏன் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். சாய்வுமானி தருவது மிகச் சின்ன மின்னழுத்தம். பெட்டிக்குள் இருக்கும் பெருக்கி அதைப் பெரிதாக்கி எண்ணாகக் காட்டுகிறது. அந்தப் பெருக்கிக்குச் சொந்தமாக ஒரு முனகல் இருக்கிறது. வேகமாக மாறும் சைகையைக் கேட்கும்போது அது தொந்தரவு செய்வதில்லை. மெதுவாக மாறுவதைக் கேட்கப் போனால் முனகல் பெரிதாகும். இன்னும் மெதுவாகக் கேட்டால் இன்னும் பெரிதாகும். நாள்கணக்கில் கேட்டால் நாள்கணக்கில் அலையும். எந்தப் பெருக்கியை எடுத்தாலும் இது இருக்கிறது. ஏன் என்று இன்றுவரைக்கும் முழுவதாகச் சொல்லி முடித்தவர் யாரும் இல்லை. படிக்கிற காலத்தில் பேராசிரியர் இதைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் மலையும் மெதுவாகத்தான் நகரும். முனகலை வடிகட்டினால் மலையும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மர்ஸூக் நானாவின் கடையில் இரண்டு தட்டுத் தராசு இருக்கும்தானே. தராசு கோணலா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வார்? சீனியை மற்றத் தட்டுக்கு மாற்றி நிறுப்பார். சீனியின் பாரம் சீனியோடு போகும். தராசின் கோணல் இருந்த பக்கமே இருக்கும். அதேதான் இதுவும். பெட்டியின் பக்கத்தில் இரண்டு திருகாணியில் ஒரு சிவப்புக் கம்பியும் ஒரு கறுப்புக் கம்பியும் பூட்டியிருக்கிறேன். தாய்மார் பால் கொடுக்க வரும் நேரம் அவற்றை இடம் மாற்றிப் பூட்டுங்கள். பின்னேரம் பிள்ளைகளை எடுக்க வரும்போது திரும்ப மாற்றுங்கள். ஒரு கிழமை செய்தால் போதும். மலையிலிருந்து வருவது ஒவ்வொரு தடவையும் தலைகீழாகும். பெட்டியிலிருந்து வருவது அப்படியே நிற்கும்.

நீங்கள் மாட்டேன் என்றால் நான் விளங்கிக்கொள்வேன்.

லதுஷா


மேற்பிரிவு
30 ஒக்டோபர்

லதுஷா மிஸ்ஸுக்கு,

மாட்டேன் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். பிறகு பார்த்தால் கையில் திருப்புளி இருக்கிறது.

தினம் இரண்டு தடவை மாற்றினேன். பால் கொடுக்க வந்தவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "பொட்டிக்குத் தல பின்னி விடுறாங்கடி" என்று கலாராணி சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு கம்பியை மாற்றிவிட்டு எண்ணைப் பார்த்தேன். எண்ணூற்றுச் சொச்சம் இருந்தது எண்ணூற்றுச் சொச்சமாகவே இருந்தது. கொஞ்சம்போலத்தான் நகர்ந்தது. மறுபடி பின்னேரம் மாற்றினேன். அப்போதும் அப்படித்தான்.

நீங்கள் சொன்ன தராசுக் கணக்குப்படி பார்த்தால் அந்த எண் மலையுடையது இல்லை. எனக்கு முதலில் நிம்மதி வந்தது. பின்னாலேயே ஆத்திரம் வந்தது. பெட்டியின் முனகலைக் கேட்டா நாங்கள் அத்தனை பேரும் மழையில் இறங்கினோம்?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கம்பியை இடம் மாற்றினால் மலை வேறு பெட்டி வேறு என்று பிரிந்துவிடுகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நேற்றுப் பிள்ளைகள் தூங்கும் நேரம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

கார்ட் வருகிறது. கூடவே கொஞ்சம் முறுக்கு இருக்கிறது. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், நாளைக்குத் தீபாவளி என்பதால் அனுப்புகிறேன்.

ஜீவராணி


பதுளை
4 நவம்பர்

அன்புள்ள அக்கா,

முறுக்கு இங்கே இருந்தவர்கள் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்று கிடைத்தது.

நீங்கள் கண்டது சரி. நீங்கள் மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் கோடு கொஞ்சம் துள்ளியிருக்கிறது. அந்தத் துள்ளல் மட்டும்தான் மலை. மற்றதெல்லாம் பெட்டி. ஒக்டோபரில் மலை சாயவில்லை.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் பொருந்தவில்லை. பெருக்கியின் முனகல் இவ்வளவு பெரிதாக இருக்காது. பூசை நாளில் இருந்து திடீரென்று ஏறியிருக்கிறது, பிறகு வெயில் வந்தால் இறங்குகிறது, பனி வந்தால் ஏறுகிறது. திருகாணிகளுக்குப் பக்கத்தில் ஈரம் ஏதும் பட்டதா? பிள்ளைகள் பால் கீல் ஊற்றினார்களா?

இதோடு ஒரு சின்னப் பலகை அனுப்புகிறேன். நீங்கள் நாளுக்கு இரண்டு தடவை கையால் செய்ததை இது வினாடிக்கு ஆயிரம் தடவை தானே செய்யும். சைகையை வேகமாகப் புரட்டிப் புரட்டிப் பெருக்கிக்குள் அனுப்பும். அந்த வேகத்தில் பெருக்கி முனகுவதில்லை. வெளியே வரும்போது அதே தாளத்தில் திரும்பப் புரட்டினால் மலையின் சைகை பழையபடி நேராகிவிடும். பெருக்கியின் சொந்த முனகல் ஒருமுறைதான் புரளும், ஆகவே அது வேகமான சலசலப்பாகி வடிகட்டியில் நின்றுவிடும். இந்த வித்தை புதிதல்ல. ஆனால் என் கையால் செய்து மேசையில் ஓடவிட்டபோது, இவ்வளவு காலமும் அலைந்துகொண்டிருந்த கோடு அப்படியே படுத்துவிட்டது. நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்று பார்த்தேன்.

பலகையைச் செருகும் விதத்தைப் படமாகக் கீறியிருக்கிறேன். முதலில் திருகாணிகளை ஸ்பிரிட்டால் வடிவாகத் துடையுங்கள்.

லதுஷா


மேற்பிரிவு
8 நவம்பர்

லதுஷா மிஸ்ஸுக்கு,

பாலும் இல்லை, கீலும் இல்லை. சந்தனம்.

சரஸ்வதி பூசைக்கு மடுவத்தில் இருக்கும் எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். பிள்ளைகளை நிறுக்கும் தராசு, தையல் மெசின், ரேடியோ, கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் வைத்தேன். உங்கள் பெட்டியை மட்டும் விட்டால் அது மனத்தாங்கல் படாதா? எங்களைக் காக்க வந்த பெட்டி என்று அதற்குத்தான் பெரிய பொட்டாக வைத்தேன். நெற்றி மாதிரி இருந்த இடம் அந்த இரண்டு திருகாணிக்கும் நடுவில்தான். பன்னீர் விட்டுக் குழைத்து நன்றாக அப்பியிருந்தேன். இன்றைக்குத் துடைக்கும்போது பார்த்தால் மேலே காய்ந்து, உள்ளே இன்னும் பிசுபிசு என்று இருக்கிறது.

என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் அங்கே ஈரம் ஆகாது என்று பெட்டியைப் பூட்டிய அன்றைக்கே நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் ஆபீசில் பூசைக்குச் சந்தனம் வைப்பதில்லையா?

சரி, அதை விடுங்கள். நடந்தது இதுதான். படத்தைப் பார்த்துப் பலகையைச் செருகினேன். எண் கீழே வந்தது, வந்து நின்றது. மிஸ், அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து அந்த எண் நின்று நான் பார்த்ததில்லை. எப்போதும் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருக்கும். இப்போது அது சத்தமில்லாமல் நிற்கிறது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து தரையில் காலால் ஓங்கி மிதித்தேன். உடனே துள்ளிவிட்டுத் திரும்ப வந்து நின்றது.

பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தேன். அது நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஏறுகிறது. ஏறி முடித்து மெல்ல இறங்குகிறது. நாளுக்கு இரண்டு தடவை. பெட்டியில் இப்போது சந்தனம் இல்லை, முனகலும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் ஏறி இறங்குவது யார்? மலை மூச்சு விடுகிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கார்டும் வருகிறது, பார்த்துவிட்டுச் சீக்கிரம் எழுதுங்கள்.

ஜீவராணி


பதுளை
13 நவம்பர்

அன்புள்ள அக்கா,

பயப்படாதீர்கள். அது நிலா.

நான் பகிடி விடவில்லை. உங்கள் கார்டைத் திறந்து கோட்டை வரைந்து பார்த்தேன். ஒழுங்கான அலை, நாளுக்கு இரண்டு. வெயில் சூடோ என்று பார்த்தேன். சூடு என்றால் தினமும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும். இது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தி வருகிறது. நிலா உதிப்பது எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு பிந்துகிறது. நிலா எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டு அந்தக் கோட்டை இதன்மேல் வைத்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

கடல் ஏறி இறங்குவது எங்கள் ஊர்க் கரையில் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தரையும் அப்படித்தான் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். கல்லும் மண்ணும் தேயிலையும் உங்கள் லயமும் இந்த மேசையும் நானும், எல்லாம் சேர்ந்து நாளுக்கு இரண்டு தடவை ஒரு சாண் மேலே போய்க் கீழே வருகிறோம். எல்லாமே சேர்ந்து போவதால் ஒருவருக்கும் தெரிவதில்லை. அப்படிப் போகும்போது மலை மயிரிழையிலும் மயிரிழை அளவு சாய்கிறது. அதைத்தான் உங்கள் பிள்ளைமடுவத்துச் சுவரில் பெட்டி காட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். படிப்பு முடித்து இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. கூட வேலை செய்யும் றிப்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் "சுப்ஹானல்லாஹ்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, தானும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முனகலுக்கு அடியில் இது எப்போதும் இருந்திருக்கிறது. நாங்கள்தான் கேட்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் முதல் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. நிலா எங்களுக்காகப் பொய் சொல்லாது. அதன் நடையை முன்கூட்டியே கணக்கிட்டு இந்த மாதம் முழுவதுக்கும் ஒரு கோடு வரைந்து அனுப்புகிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள். நாளை மறுநாள் பௌர்ணமிப் போயா. அன்றைக்கு எண் நன்றாக ஏறி இறங்கும். பெட்டி இந்தக் கோட்டோடு நடக்கும் வரைக்கும் பெட்டி சரி, மலையும் சரி. நல்ல மழைக்கு மலை கொஞ்சம் ஊதி, பிறகு திரும்பும். அதுவும் பரவாயில்லை. ஆனால் எண் கோட்டை விட்டு விலகி, ஒரு பக்கமாகவே போய், அடுத்த இறக்கத்துக்கும் திரும்பி வராவிட்டால், அது மலை. அப்போது என் போனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஈரச் சந்தனம் இரண்டு திருகாணிக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்டரி மாதிரி நின்று எண்ணை ஏற்றியிருக்கிறது, அதற்கு நான் எப்படித் திட்டுவது? எங்கள் ஆய்வுகூடத்திலும் வைப்போம். திருகாணியில் வைக்கக்கூடாது என்று சொல்ல எனக்குத்தான் தோன்றவில்லை.

லதுஷா


மேற்பிரிவு
19 நவம்பர்

அன்பு லதுஷாவுக்கு,

மிஸ் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோட்டை ஒட்டினேன். போயா அன்று மடுவம் பூட்டு, ஆனாலும் நான் போய்த் திறந்து உட்கார்ந்திருந்தேன். துணி காயப் போட வந்த கலாராணி எட்டிப் பார்த்தாள். "லீவு நாள்லயும் பொட்டிக்குக் காவலா?" நான் கோட்டைக் காட்டி, இப்போது எண் இவ்வளவு, உச்சிப்பொழுதுக்குள் இவ்வளவு ஆகும், நிலா இழுக்கிறது என்றேன். "நெலா வேற வேலையில்லாம நம்ம மலையப் புடிச்சு இழுக்குதாக்கும்" என்று சிரித்தாள். ஆனால் போகவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எண் கோடு சொன்ன இடத்துக்கு வந்து, கோடு சொன்ன நேரத்துக்குத் திரும்பியது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் மலையை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மாடி" என்றாள்.

அடுத்த நாள் ஊரே வந்துவிட்டது. பால் நேரத்துக்கு வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குகிறார்கள். "இன்னும் ஏறணும்டி." "இல்ல, இனி எறக்கம்." பிறகு தலைவர் அழகரே வந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பெட்டிக்கு முன்னால் நின்றார். எண் திரும்பிய இடத்தில், தலையில் கட்டியிருந்த துவாயை மெல்ல அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கோவிலில் திரை விலகும்போது செய்வாரே, அப்படி. "அப்ப நாம நடக்குற தரையே ஏறி எறங்கிக்கிட்டா இருக்கு, ஜீவராணி?" என்று கேட்டார். ஆமாங்க தலைவர் என்றேன். "பாட்டன் காலத்துலருந்து இருக்கோம், தெரியலையே" என்றார்.

மழை தொடங்கிவிட்டது. எண் கொஞ்சம் விலகியது, பிறகு வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடிதான். ஆனாலும் ராத்திரி ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. மறுபடி ஒருமுறை இவர்களிடம் போய் இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை.

ஜீவராணி


பதுளை
25 நவம்பர்

அக்கா,

22ஆம் திகதி வரைக்கும் பதிவான கார்ட் இன்றைக்குத்தான் வந்தது. கடைசி நாளில் கோடு நிலாவை விட்டு விலகத் தொடங்கியிருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் ஒரே பக்கமாக. அலை இன்னும் வடிவாகத் தெரிகிறது, அதை அப்படியே சுமந்துகொண்டு முழுக் கோடும் கீழே போகிறது. முன்பு இருந்த முனகலில் இதை நான் கண்டிருக்கவே மாட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் மழை பெய்திருக்கிறது, அந்த நாட்களின் எண் என்னிடம் இல்லை.

காலையில் இருந்து உங்கள் போன், தோட்ட ஆபீஸ் போன், பள்ளிக்கூடப் போன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் வேலை செய்யவில்லை. அனர்த்தப் பிரிவுக்கு நேரில் போனேன். குறித்துக்கொண்டார்கள், பாதை உடைந்த இடங்கள் நிறைய என்கிறார்கள். நான் வர வெளிக்கிட்டேன், பண்டாரவளையோடு திருப்பிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைப் பெரகல வரைக்கும் போகும் லொறியில் கொடுக்கிறேன். மர்ஸூக் நானா எப்படியாவது சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

இறங்குங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். அவர்கள் உங்களைத் திட்டட்டும், என்னைத் திட்டட்டும். நான் பிழையாக இருந்தால் வந்து பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் நிற்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், இறங்குங்கள்.

லதுஷா


கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடம்
29 நவம்பர்

அன்பு லதுஷாவுக்கு,

உங்கள் 25ஆம் திகதிக் கடிதத்தை மர்ஸூக் நானா இன்று காலையில் தானே நடந்து வந்து கொடுத்தார். முழங்கால் வரைக்கும் சேறு. அதற்கு முன்னாலேயே நாங்கள் இறங்கிவிட்டோம். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

26ஆம் திகதி பால் நேரம். முந்தின நாளே எண் கோட்டை விட்டுப் போயிருந்தது. வரும், வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்ல வேண்டும் என்று தெரியும். ஒக்டோபர் நினைப்பு வந்து தடுத்தது. அந்த நேரம் கலாராணி வந்தாள். தலையில் போட்டிருந்த சாக்கோடு அப்படியே சுவருக்கு முன்னால் நின்றாள். "அக்கா, இது திரும்பல. நேத்தும் திரும்பலல்ல?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒன்னும் சொல்ல வேணாம்" என்று பிள்ளையைச் சேலையால் முதுகில் கட்டினாள். பக்கத்துத் தொட்டிலில் கிடந்த இன்னொருத்தியின் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அதைப் பார்த்து மற்றத் தாய்மாரும் ஆளுக்கொன்றாக, கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கினார்கள். யார் பிள்ளை என்று யாரும் பார்க்கவில்லை.

ஒருத்தி மலைக்கு ஓடித் தலைவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "கோட்ட விட்டுப் போயிருச்சா?" ஆமாம் என்றதும் கொழுந்துக் கூடைகளை நின்ற இடத்தில் போடச் சொல்லி, லயத்தில் இருந்தவர்களையும் சேர்த்து எல்லாரையும் இறக்கிவிட்டார். "தோட்டத் தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில், பிள்ளைகளைப் பிரித்துக் கொடுக்கு முன்பே மலை வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தோம். பனி விலகிய நேரம். தேயிலை நிரைகள் கலையாமல், சவுக்கு மரங்கள் நின்றது நின்றபடியே, முழுச் சரிவும் மெதுவாக இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. நம்மை இத்தனை காலம் சுமந்த மலை அது. பயத்தை விட வேறு ஏதோ ஒன்று எங்கள் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. கும்பிட வேண்டும்போல இருந்தது. சிலர் கும்பிட்டார்கள். பிள்ளைமடுவமும் உங்கள் பெட்டியும் இரண்டு லயமும் இப்போது இல்லை.

சத்தம் அடங்கியது. பிள்ளைகள் கைமாறி வந்திருந்ததால் எது எங்கே இருக்கிறது என்று தாய்மார் மலங்க மலங்கப் பார்த்தார்கள். எனக்குத் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது. தொட்டிலில் யாரையாவது விட்டுவிட்டோமா? நான் வாங்குப் பலகையில் ஏறி நின்று, காலையில் மடுவத்தில் கூப்பிடுகிற மாதிரிப் பிள்ளைகளின் பேர் கூப்பிட்டேன். பேச்சு வந்த பிள்ளைகள் "இருக்கேன்" என்றன. கைக்குழந்தைகளின் பேரைக் கூப்பிட்டபோது, அந்தப் பிள்ளை யார் இடுப்பில் இருந்ததோ அவள் "இருக்கு" என்று சொன்னாள். ஒரு பேரையும் நான் இரண்டாம் தடவை கூப்பிட வேண்டி வரவில்லை.

ஜீவராணி